கூலியின் மேல் பழி

தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து குற்றாலத்தில் சாரல் தூவத் தொடங்கியதும் தென்காசிச் சாலைகள் வண்டிகளால் நிறைகின்றன. அருவியில் நீராடிப் பசியோடு உணவகத்தில் அமர்வோர் விலைப்பட்டியலைக் கண்டு முகம் சுளிக்கின்றனர். ஏன் இந்த விலை என்று கேட்டால், "ஆள் சம்பளம் கூடிட்டுல்லா, அண்ணாச்சி" என்று கல்லாவிலிருந்து விடை வருகிறது. அரசு குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்துவதே கேட்டுக்குக் காரணம் என்ற விளக்கமும் உடன் வருகிறது. கேட்டவரும் தலையை ஆட்டிவிட்டு இலையைப் பார்க்கிறார். அந்தத் தலையாட்டலையே நாம் மறுக்கின்றோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு சாப்பாட்டின் விலை 100 ரூபாய் என்றும், அதில் ஆட்களின் சம்பளம் 25 ரூபாய் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சம்பளம் ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு உயர்ந்தாலும் சாப்பாட்டின் விலை 105 ரூபாய் ஆகுமேயன்றி 130 ஆகாது. எஞ்சிய 25 ரூபாய் எங்கிருந்து வந்தது? 19 கிலோ எரிவாயு உருளையைக் கேளுங்கள். எண்ணெயையும் மைதாவையும் காய்கறியையும் கேளுங்கள். கடை வாடகையைக் கேளுங்கள். உணவகங்களுக்கு 2017 நவம்பர் 15 முதல் 5 விழுக்காடு சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டபோது, வாங்கும் பொருள்களுக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை அகற்றப்பட்டது. அந்த வரியும் நம் இலையில்தான் வந்து விழுகிறது. இவற்றுள் எதையும் பெயர் சொல்லிப் பழிக்காத நாம், இலை எடுப்பவனின் சம்பளத்தை மட்டும் பழிக்கின்றோம். அவனே நம் கண்ணெதிரில் நிற்கிறான். எதிர்த்துப் பேசவும் மாட்டான்.

காரணமும் விளைவும் இங்கே இடம் மாறிக் கிடக்கின்றன. தமிழகத்தில் உணவகத் தொழிலாளருக்கு அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஊதியம் அடிப்படை ஊதியம், அகவிலைப்படி என இரு பகுதிகளை உடையது. நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஏறிய அளவுக்கு ஏற்பவே அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் நாளில் திருத்தப்படுகிறது. அதாவது அரிசியும் பருப்பும் வாடகையும் முன்னே ஏறிவிடுகின்றன. கூலி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னே வருகிறது. பின்னே வருபவனைப் பிடித்து, முன்னே சென்றவற்றை நீயே இழுத்துச் சென்றாய் என்று குற்றம் சாட்டுவது எவ்வகை நீதி?

கூலி உயர்ந்தால் கடைகள் மூடப்படும், வேலையே இல்லாமற்போகும் என்பது அடுத்த வாதம். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் ஒரு மணி நேரக் குறைந்தபட்சக் கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது; அண்டையிலுள்ள பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்னும் பொருளியலார் இருவர் எல்லையின் இரு புறமும் இருந்த துரித உணவகங்களை ஆராய்ந்து 1994-இல் முடிவை வெளியிட்டனர். வேலைவாய்ப்பு குறைந்ததாக அவர்கள் காணவில்லை. விலை சற்றே ஏறியிருந்தது. பொருளியலார் இன்றும் இதுபற்றி வாதிடுகின்றனர் என்பது மெய். ஆயினும் கூலி உயர்ந்தால் கடை மூடும் என்பதை இனி யாரும் இயற்கை விதிபோல் ஓத முடியாது. கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? 1956 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்த செங்கோட்டையைத் தாண்டினாலே கேரளம். ரிசர்வ் வங்கியின் புள்ளிவிவரப்படி 2021-22-இல் ஊர்ப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 837 ரூபாய். தமிழகத்தில் 478 ரூபாய். அங்கே ஆள்கூலி உயர்ந்ததால் சாயாக் கடைகள் அழிந்தா போயின? நம் பகுதி இளைஞர் மலையைக் கடந்து அங்கே வேலைக்குப் போகின்றனர். அந்த இடத்தை நிரப்ப ஒடிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வந்த பிள்ளைகள் நம் ஊரில் மாவு பிசைகின்றனர்.

"கொடுத்ததை வாங்கிக்கொள்ளச் சம்மதித்துத்தானே வந்தான்?" என்று சிலர் கேட்கலாம். இக்கேள்விக்குத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891 மே 15-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலிலேயே விடை உண்டு. இருவரும் ஒத்துக்கொண்டதாலேயே ஒரு கூலி நீதியானதாகிவிடாது. வேறு வழியின்றிக் குறைந்த கூலிக்கு இசைபவன் வன்முறைக்கு ஆளானவனே என்று அவர் கற்பித்தார். நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 1982-இல், குறைந்தபட்ச ஊதியத்திற்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, கேரள ஓட்டுத் தொழிற்சாலைகள் தொடர்பான 1961-ஆம் ஆண்டு வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்தை வரையறுக்கும்போது முதலாளியின் தாங்கும் ஆற்றலைப் பார்க்க வேண்டியதில்லை என்றும் கூறியது. 1948-ஆம் ஆண்டின் சட்டம் போய், 2019-இல் இயற்றப்பட்ட ஊதியத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறினாலும் கடமை மாறவில்லை.

சிறு கடைக்காரரின் துன்பத்தை நாம் அறியாதவர்களல்லர். கணவன் தோசைக்கல்லிலும் மனைவி இட்லிப் பானையிலும் நிற்கும் கடையில் கூலியாளே இல்லை. அவர்களை நோக்கி நாம் பேசவில்லை. சீசன் மூன்று மாதமே, மற்ற மாதங்களில் ஈ ஓட்ட வேண்டியுள்ளது என்னும் பெரிய கடைக்காரரின் முறையீட்டிலும் உண்மை உண்டு. அப்படியானால் அந்தச் சுமையை விலையில் ஏற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். பரோட்டாக் கல்லின் அனலில் நள்ளிரவு வரை நிற்பவனின் சம்பளத்திலும், அவன் உண்ணும் சோற்றுக்குப் பிடிக்கும் பணத்திலும், கிட்டாத வார விடுமுறையிலும் அதை ஒளித்து வைக்காதீர்கள். சீசன் மூன்று மாதமே என்பது அவனுக்கும் பொருந்தும். அருவி வறண்டால் முதலில் ஊர் திரும்புகிறவன் அவனே.

இனி உண்ணுகிற நம்மிடம் வருவோம். குற்றாலத்தில் ஓரிரவு அறை வாடகைக்குக் கேட்டதைக் கொடுத்துவிட்டு, தோசைக்கு ஏறிய ஐந்து ரூபாய்க்குச் சண்டையிடுகிறோம். அந்த ஐந்து ரூபாய் தொழிலாளிக்குப் போகிறதா என்று கேட்பதே நாம் இட வேண்டிய சண்டை. கூலி சேராத மலிவு விலை மலிவன்று. வேறொருவன் நமக்காகச் செலுத்திய விலை. ஏழைக் கூலியாளுக்குக் கதிரவன் மறையுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூல் விதிக்கிறது. அறுவடை செய்தோருக்குக் கொடாத கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எச்சரிக்கிறார். அறுவடைக்காரருக்கு உரியது அடுப்படியில் நிற்பவனுக்கும் உரியதன்றோ?

அன்பர்களே, உணவகம் நடத்தும் இறைமக்கள் தம் ஆட்களின் சம்பளப் பதிவேட்டை அரசு அறிவித்த ஊதியத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. பங்குத் திருவிழா அசனத்திற்கும் திருமண விருந்துக்கும் சமையல்காரரிடம் விலை பேசும் நாம், பாத்திரம் கழுவும் பெண்களுக்கு என்ன கொடுப்பீர் என்று அதே மூச்சில் கேட்போமாக. விலை சற்றுக் கூடும். கூடட்டும். அந்த வேறுபாடு நம்முடைய கடன்.