நள்ளிரவில் இரண்டு ஓசைகள்



டிசம்பர் 31-ஆம் நாள் இரவு. நன்றி வழிபாடு முடிந்து, புத்தாண்டுத் திருப்பலிக்குக் கோயில் மணி ஒலிக்கும் வேளை. அதே நேரத்தில் கெங்குவார்பட்டிக் கடைவீதியின் ஒலிபெருக்கியிலிருந்து மற்றோர் ஓசையும் எழும். ஆங்கிலத்தில் புத்தாண்டு வாழ்த்துக் கூறித் தொடங்கும் ‘இளமை இதோ இதோ’ என்னும் திரைப்பாடலே அது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழகத்தின் ஊர்கள் பலவற்றில் அப்பாடலோடுதான் புத்தாண்டு பிறக்கிறது.

சென்ற புத்தாண்டில் திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்தார். “சாமி, பூசை நேரத்தில் இந்தப் பாட்டு காதைத் துளைக்கிறதே! இதைத் தடைசெய்யச் சொல்லக் கூடாதா?” என்று கேட்டார். அன்று நான் விடை கூறவில்லை. அவ்விடையை இத்திங்கள் உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன்.

முதலில் அப்பாடலின் வரலாற்றைப் பார்ப்போம். 1982-ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் ஏவி.எம். நிறுவனத்தார் ‘சகலகலா வல்லவன்’ என்னும் படத்தை வெளியிட்டனர். இயக்கியவர் எஸ்.பி. முத்துராமன். இப்பாடலை இயற்றியவர் கவிஞர் வாலி, பாடியவர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம், திரையில் தோன்றி ஆடியவர் கமல்ஹாசன். வாலி 2013-இலும், பாலசுப்பிரமணியம் 2020-இலும் மறைந்தனர். எனினும் ஆண்டு தவறாமல் அக்குரல் நம்மை வாழ்த்திக்கொண்டே இருக்கிறது.

இசையமைத்த இளையராஜா நம் மாவட்டத்தின் மைந்தர். தேனியைக் கடந்து, போடியையும் தேவாரத்தையும் தாண்டிச் சென்றால், மேற்கு மலையின் அடிவாரத்தில் உள்ள பண்ணைப்புரமே அவர் பிறந்த ஊர். தமையனார் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று, பொதுவுடைமை இயக்க மேடைகளில் ஆர்மோனியம் இசைத்து வளர்ந்தவர். பின்னர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையை முறையாகக் கற்றார். கித்தாரில் தேர்ச்சி பெற்றார். 1976-இல் ‘அன்னக்கிளி’ படத்தின் வாயிலாக நாட்டுப்புற மெட்டுகளை நாடறியச் செய்த அதே கைதான், ஆறு ஆண்டுகளுக்குப் பின் டிரம்ஸும் மின்கித்தாரும் அதிர இந்த ராக் பாடலையும் அமைத்தது.

ராக் இசை என்றதும் முகம் சுளிப்பவர் நம்மிடையே உண்டு. ஆனால், அது 1950-களில் அமெரிக்காவில் உருப்பெற்றபோது அதற்கு உரமாக இருந்தவற்றுள் ஒன்று, கறுப்பின மக்களின் கோயில் பாடல். அடிமைகளாய் வாடியவர்களின் வழித்தோன்றல்கள் கைதட்டி, காலால் தாளமிட்டு இறைவனைப் போற்றிய அந்தத் துள்ளல் இதிலும் இருக்கிறது. அவ்விசையின் அரசர் எனப்பட்ட எல்விஸ் பிரெஸ்லியும் இளமையில் ஆலயப் பாடல்களில் ஊறி வளர்ந்தவரே.

நம் திருச்சபையின் வரலாறும் இங்கு நினைக்கத்தக்கது. 1903-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் பியானோவையும் முரசு போன்ற இரைச்சல் மிகுந்த கருவிகளையும் கோயிலில் விலக்கினார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமோ, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பு அளிக்கும்படி பணித்தது. அதனால்தான் இன்று நம் கோயிலில் தபேலா ஒலிக்கிறது, கித்தாரும் ஒலிக்கிறது. புனித அகுஸ்தீனார் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமையே தம்மைக் கவர்ந்துவிடும் வேளைகளில் தாம் தவறு செய்வதாக வருந்துகிறார். அவருடைய கவலை தம் உள்ளம் எங்கே செல்கிறது என்பதைப் பற்றியது. நம் கவலையும் அதுவாகவே இருத்தல் வேண்டும்.

இதை நான் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறொரு பங்கில் பணியாற்றினேன். அங்கே இளைஞர்கள், புத்தாண்டுத் திருப்பலிக்குப் பின் கோயில் வளாகத்தில் இப்பாடலை ஒலிக்கச் செய்து மகிழ விரும்பினர். “கோயில் வளாகத்தில் சினிமாப் பாட்டா?” என்று சினந்து, அவர்களை அனுப்பிவிட்டேன். அவர்கள் எதிர்த்துப் பேசவில்லை. திருப்பலி முடியுமுன்பே வெளியேறி, இரு சக்கர வண்டிகளில் நெடுஞ்சாலைக்குச் சென்றனர். படத்தில் கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் பாய்ந்து வந்துதான் இப்பாடலைத் தொடங்குவார். அந்த வேகம் அவர்களையும் பற்றியிருக்க வேண்டும். லாரி ஒன்றின் மீது மோதி, பின்னால் அமர்ந்திருந்த பதினெட்டு வயது மகன் அங்கேயே உயிர் நீத்தான். எங்கள் பாடகர் குழுவில் தபேலா வாசித்த பிள்ளை அவன்.

ஜனவரி 2-ஆம் நாள் நானே அவனை அடக்கம் செய்தேன். அவனுடைய தாய் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அப்பிள்ளையின் சாவுக்கு நான்தான் காரணம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆயினும், அன்று நான் வாயிலுக்கு வெளியே அனுப்பியது ஒரு பாட்டை மட்டும் என்று எண்ணியிருந்தேன். பாட்டோடு பிள்ளைகளும் வெளியே போனார்கள்.

அம்மா, உங்கள் கேள்விக்கு என் விடை இதுவே. திருப்பலி நடைபெறும் ஒரு மணி நேரம் ஒலியைக் குறைக்கும்படி கடைவீதியாரை நானே நேரில் சென்று கேட்பேன். அவர்கள் நம் அயலார். அன்போடு கேட்டால் மறுக்கமாட்டார்கள். திருப்பலி முடிந்ததும் கோயில் முற்றத்தில் விளக்குகள் எரியும், சுக்குக் காப்பி இருக்கும், அப்பாடலும் ஒலிக்கும். இளைஞரே அதை நடத்துவர். பண்ணைப்புரத்துப் பிள்ளை அமைத்த பாட்டுக்கு நம் பிள்ளைகள் நம் கண்முன்னே ஆடட்டும்.

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. அன்றிரவு வண்டிச் சாவியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மகன் வரும்வரை உறங்கச் செல்லாமல், அவனோடு முற்றத்தில் நில்லுங்கள். அவனுக்குப் பிடித்த பாட்டை ஒருமுறை அவனோடு சேர்ந்து கேளுங்கள். புத்தாண்டின் முதல் நாளை இறைவனின் தாயாகிய மரியாவுக்குத் திருச்சபை ஒப்புக்கொடுத்துள்ளது. அன்று காலையில் எந்தத் தாயும் தன் மகனைத் தேடி அழாதிருக்க அத்தாய் பரிந்து பேசுவாராக.

அனைவருக்கும் இறையாசீர்.