கையெழுத்துக்கு முன் ஒரு பரிசோதனை

ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க மருத்துவச் சான்று கேட்டு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் மூத்தோர் பெரும்பாலும் ஒரே வேண்டுகோளுடன் வருகின்றனர்: “கையெழுத்து மட்டும் போதும், டாக்டர்.” சில வேளைகளில் அவர்கள் வருவதுமில்லை, படிவத்தை மகனோ மருமகனோ கொண்டுவருகிறார். பாராமல் இடும் அக்கையெழுத்து முதியவருக்குச் செய்யும் உதவியன்று என்பது எங்கள் உறுதியான கருத்து.

மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டபின், 55 வயதைக் கடந்தோருக்கு உரிமம் 5 ஆண்டுகளுக்கே புதுப்பிக்கப்படுகிறது. அது காலாவதியாவதற்கு ஓராண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டாலோ மீண்டும் ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். இந்த ஓராண்டு விண்ணப்பிப்பதற்கான அவகாசமே தவிர, வண்டி ஓட்டுவதற்கானது அன்று.

மருத்துவர் நிரப்பும் படிவம் 1ஏ கேட்பவை எளிய கேள்விகள்தாம். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா? சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா? வலிப்பு, தலைச்சுற்றல், மாலைக்கண், காது மந்தம் உண்டா? ஆனால் எண் பலகையைத் தடையின்றிப் படிப்பவருக்கும் கண் அழுத்த நோயால் பக்கப் பார்வை சுருங்கியிருக்கலாம். அந்நோய் பெரும்பாலும் வலியின்றி வளர்வதால் அவரே அதை உணர்வதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே ஸ்கூட்டரில் செல்பவருக்கு நேர்ப்பார்வை மட்டும் போதுமா? கண்புரை உள்ளவருக்கு இரவில் எதிர்வரும் முகப்பு விளக்கின் ஒளி சிதறிக் கண்ணை மறைக்கும். இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தள்ளிப்போட்டவருக்கு வழியிலேயே சர்க்கரை தாழலாம். சளி மாத்திரைகளில் சிலவும் தூக்கம் தருபவை. கழுத்தைத் திருப்ப இயலாமையோ எந்தப் பரிசோதனைச் சீட்டிலும் தெரியாது.

இனிக் குடும்பத்தாருக்கு. அப்பாவின் வண்டிச் சாவியை ஒளித்துவைக்காதீர்கள். பிரிட்டனின் இளவரசர் பிலிப் 2019 ஜனவரியில் தம் 97ஆம் வயதில் விபத்துக்குள்ளாகி, அடுத்த மாதமே உரிமத்தைத் தாமாக ஒப்படைத்தார். அவருக்கு வண்டியோட்ட ஆள் இருந்தது. தாழங்குப்பத்து முதியவர் வண்டியை விட்டால், மாத்திரை வாங்கவும் பேரனின் ஓய்வு நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். 60 வயதானோருக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவசப் பயண டோக்கன்கள் கிடைக்கின்றன; விம்கோ நகர் வரை 2021இல் மெட்ரோவும் வந்துவிட்டது. ஆயினும் வீட்டிலிருந்து அவ்விடங்களுக்குச் செல்லும் தொலைவே முழங்கால் வலியுள்ளவருக்குப் பெரும்பாடு. ஆகவே முதலில் இரவுப் பயணத்தையும், பிறகு விரைவுச் சாலையையும் விடச் சொல்லுங்கள். பகலில், தெரிந்த தெருக்களில் ஓட்டுவதை மருத்துவர் அனுமதிக்கும்வரை தடுக்க வேண்டாம்.

பரிசோதனைக்கு வந்தாலே உரிமம் பறிபோகும் என்ற அச்சம் பலரிடம் உள்ளது. கண்புரை அறுவைக்குப் பின் பலர் மருத்துவரின் ஒப்புதலோடு மீண்டும் வண்டி ஓட்டுகின்றனர். பலருக்குக் கண்ணாடியை மாற்றினாலே போதுமானதாகிறது. சிகிச்சைக்கு நாள் வேண்டுமென்பதால், உரிமம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே வாருங்கள். தூரப் பார்வைக் கண்ணாடியையும், இப்போது உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும் மறவாமல் கொண்டுவாருங்கள்.