வேலை எங்கே இருக்கிறது என்று கேட்குமா கணக்கெடுப்பு?

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடைபெறும் என மத்திய அரசு 2025 ஜூனில் அறிவிக்கை வெளியிட்டது. சாதிவாரிக் கணக்கெடுப்பு குறித்த விவாதத்தில் மற்றக் கேள்விகள் அனைத்தும் பின்தள்ளப்பட்டுவிட்டன. பேருந்துத் தடங்களையும் மெட்ரோ வழித்தடங்களையும் நேரடியாகத் தீர்மானிக்கக்கூடிய கேள்வி ஒன்றும் அவற்றில் உண்டு: மக்கள் எங்கே வேலை செய்கிறார்கள்?

2011 கணக்கெடுப்பு இக்கேள்வியை நெருங்கி வந்து நின்றுவிட்டது. விவசாயமும் வீட்டுத் தொழிலும் சாராத சுமார் 20 கோடி ‘பிற தொழிலாளர்’களிடம், பணியிடம் எத்தனை கிலோமீட்டர், எதில் செல்கிறீர்கள் என்று கேட்டது. எந்த ஊருக்கு என்று கேட்கவில்லை. தாம்பரத்தில் வசிக்கும் ஒருவர் 15 கிலோமீட்டர் பயணிக்கிறார் என்றால், அவர் செல்வது கிண்டிக்கா, மறைமலைநகருக்கா? போக்குவரத்துத் திட்டமிடலுக்கு இவ்விரண்டும் வெவ்வேறு திசைகள், வெவ்வேறு முதலீடுகள். கிடைத்த விடைகளும் பெரும்பாலும் மாவட்ட அளவிலான அட்டவணைகளாகவே வெளிவந்தன.

இதன் விளைவு எளிமையானது. ஒரு வார்டிலிருந்து எத்தனை பேர் கிளம்புவார்கள் என்பதைத் திட்டமிடுவோர் ஓரளவு அறிவார்கள். எங்கே போய்ச் சேருவார்கள் என்பதைச் சிறு மாதிரி ஆய்வுகளையும் நிலப் பயன்பாட்டு வரைபடங்களையும் கொண்டு ஊகிக்கிறார்கள். சென்னையில் முதல் பாதியும் உறுதியாக இல்லை. 2011 பிப்ரவரியில் கணக்கெடுப்பு நடந்தபோது மாநகராட்சியில் இருந்தவை 155 வார்டுகள். அதே ஆண்டில் எல்லை விரிந்து 200 ஆயின. ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்ட மெட்ரோ கட்டப்படும் நகரத்தின் நிலை இது.

மாற்று ஆதாரங்கள் இல்லையா? காலமுறைத் தொழிலாளர் ஆய்வின் மாதிரி, வார்டு அளவில் எதையும் சொல்லப் போதாது. வருங்கால வைப்புநிதிப் பதிவுகளில் பல கிளைகளின் ஊழியர்கள் தலைமை அலுவலக முகவரியிலேயே கணக்காகிவிடக்கூடும். 2019-இல் தொடங்கிய ஏழாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின் முடிவுகள் வெளியிடப்படவே இல்லை. பெரும்பாக்கம், கண்ணகி நகர் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களிலிருந்து நகருக்குள் வீட்டுவேலைக்கு வரும் பெண்ணோ எந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லை. பேருந்தை அதிகம் நம்பியிருப்பவர் அவரே. ஆவணத்தில் இல்லாத பயணத்துக்குப் பேருந்து தாமதமாகத்தான் வரும்.

அமெரிக்கா 1960 முதலே பணியிடத்தைக் கேட்டுவருகிறது. 2000-க்குப் பிறகு நீண்ட படிவத்தைக் கைவிட்டு, ஆண்டுதோறும் நடத்தும் மாதிரி ஆய்வுக்கு மாறியது. விவரம் புதிதாகக் கிடைக்கிறது, ஆனால் சிறு பகுதிகளுக்குப் பிழை வரம்பு பெரிது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2011 கணக்கெடுப்பைக் கொண்டு வேலை செய்வோரின் எண்ணிக்கைக்கு ஏற்பப் ‘பணியிட மண்டலங்கள்’ வரைந்தன. 2021 கணக்கெடுப்பு பொதுமுடக்கக் காலத்தில் நடந்ததால், பணிப்பயண விவரங்களை அங்கே எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டியிருக்கிறது.

இந்தியாவுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. வீடுகள் பட்டியலிடும் கட்டத்தில் ஒவ்வொரு கட்டடமும் கடையா, அலுவலகமா, தொழிற்கூடமா, மருத்துவமனையா என்பது எப்போதுமே குறிக்கப்படுகிறது. அதை வார்டு வாரியாக, விரைவாக வெளியிட்டாலே பணியிடங்களின் முதல் வரைபடம் கிடைத்துவிடும். ஆளெண்ணிக்கை அதில் வராது. ஆனால் 1980, 1990 பொருளாதாரக் கணக்கெடுப்புகள் இதே வீட்டுப் பட்டியல் பணியோடு சேர்த்துத்தான் நடத்தப்பட்டன என்பதை டெல்லி மறந்துவிட்டது போலும்.

2027 பிப்ரவரியில் நடக்கவிருக்கும் இரண்டாம் கட்டத்தில், தூரத்தைக் கேட்கும் இடத்தில் பணியிடத்தின் ஊரையோ வார்டையோ கேட்கலாம். கேள்வி கூடினால் களப்பணி தாமதமாகும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. சுமார் 30 லட்சம் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். காகிதப் படிவத்தில் எழுதிய முகவரியைப் பின்னர் குறியீடாக மாற்றுவது பெருஞ்சுமைதான். கைபேசிச் செயலியில் இடத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதில் அந்தச் சுமையின் பெரும்பகுதி இல்லை. அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கேட்பது மட்டும் வேண்டாம். வேலை செய்யும் இடத்தின் எண்ணைப் பலர் அறியமாட்டார்கள்.

தனிநபர் விவரங்களின் ரகசியத்தை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே காக்கிறது. மிகச் சிறிய எண்ணிக்கைகளை அட்டவணையில் மறைத்து வெளியிடலாம். கட்டுமானத் தொழிலாளி, தெருவோர வியாபாரி போன்றோருக்கு ‘நிலையான பணியிடம் இல்லை’ என்ற விடை தனியாக இருக்க வேண்டும். இல்லையெனில் அவர்கள் அனைவரும் வீட்டிலிருந்தே வேலை செய்வோராகப் பதிவாகிவிடுவார்கள்.