கார்த்திகை மழை: சராசரி கணக்கு வேற, தறிக்குழி கணக்கு வேற!

காஞ்சீபுரம்,

மழை சீசன் முடிந்ததும் "சராசரியைவிட இத்தனை சதவீதம் அதிகம்" என்று வானிலை மையம் கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கு பட்டு நெசவாளர் வீட்டு அடுப்புக்குப் பொருந்துமா?

சராசரி என்பது பல வருட மழையைக் கூட்டி வகுத்து எடுப்பது. அதில் 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் "இயல்பான மழை" என்றுதான் எழுதுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழகத்தின் சராசரி சுமார் 44 செ.மீ.

2015-ல் என்ன நடந்தது?

சராசரியை அடியோடு புரட்டிப் போட்டது 2015. சென்னை நுங்கம்பாக்கத்தில் நவம்பர் மாதம் மட்டும் 104 செ.மீ.க்கு மேல் கொட்டியது. வழக்கமாக 40 செ.மீ.யை ஒட்டித்தான் பெய்யும். 1918-க்குப் பிறகு அதுவரை அப்படி ஒரு நவம்பர் வந்ததில்லை. அடுத்து டிசம்பர் 1-ந்தேதி தொடங்கி ஒரே நாளில், அப்போது காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. 2021 நவம்பரிலும் பேய்மழை. பாலாற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் ஓடியது.

குழியில் ஊறும் தண்ணி

பிள்ளையார்பாளையம் மாதிரி நெசவாளர் பகுதிகளில் இருப்பது குழித்தறி. கால் வைத்து மிதிக்கும் பலகை குழிக்குள் இருக்கிறது. வெள்ளம் வாசலுக்கு வரவே வேண்டாம், தரை ஊறினாலே குழியில் தண்ணி நிற்கும். தெருவில் பாவு நீட்ட முடியாது. சாயம் போட்ட நூல் காயாது. ஈரக்காத்துல பாவு தொய்யும்.

ஒரு பட்டுச்சேலைக்கு 10, 15 நாள் பிடிக்கும். முடித்துக் கொடுத்தால்தான் கூலி. தறி நின்னா அடுப்புல பூனைதான் தூங்கும்.

ஒரே சராசரி, இரண்டு மாதம்

இப்படி யோசித்துப் பாருங்கள். ஒரு மாதம் 40 செ.மீ. மழை நாலே நாளில் கொட்டுகிறது. இன்னொரு மாதம் அதே 40 செ.மீ. தினம் 2 செ.மீ. வீதம் 20 நாள் பெய்கிறது. ரெண்டுக்கும் ரிப்போர்ட்டில் ஒரே எண்தான். ஆனால் ரெண்டாவது மாதத்தில் 20 நாள் வேலை போச்சு!

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நாளில் 2.5 மி.மீ. பெய்தால்தான் அது "மழை நாள்". அதற்குக் குறைந்த தூறல் அந்தக் கணக்கிலேயே வராது. பாவு நனைவதற்கு அந்தத் தூறலே போதும்.

"கார்த்திகைக்குப் பின் மழை இல்லை" என்பது பழமொழி. 2021-ல் பொங்கல் நேரத்தில்கூட பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தது. காலண்டரை நம்பி இனி இருக்க முடியாது.

எனவே நிவாரணம் பேசும்போது செ.மீ.யை மட்டும் பார்த்தால் போதாது. தறி எத்தனை நாள் நின்றது என்றும் எண்ண வேண்டும். குழிக்கு சிமெண்ட் பூசி, தரையை உயர்த்த உதவி செய்தால் பாதி பிரச்சினை தீரும். வானம் சராசரி பார்த்துப் பெய்வதில்லை. அதிகாரிகளாவது தறிக்குழியை எட்டிப் பார்க்கட்டும்.