கட்டைவிரல் கேட்காத ஆசான்

ஏகலைவன் கதையைக் கூறி, இதுவன்றோ குருபக்தி என்று உருகுவோர் உண்டு. கற்றுக்கொடுக்க மறுத்தவனுக்குக் காணிக்கை! அதுவும் எது? பொன்னல்ல, பொருளல்ல, வில்லேந்திய கையின் கட்டைவிரல்! மாணவன் தன் முயற்சியால் தேடிக்கொண்ட வித்தையையும் பறித்தவனை ஆசான் என்பதா? அந்தச் சொல்லுக்கே அது இழுக்கன்றோ!

ஆசான் யார் என்று காணவேண்டுமா, தோழர்களே? சென்னைக் கடற்கரைக்கு வாருங்கள். அங்கே நிற்கிறது உழைப்பாளர் சிலை. நால்வர், பெரும்பாறை ஒன்றைப் பெயர்க்கிறார்கள். முடியில்லை, வாளில்லை, பட்டாடை இல்லை. முறுக்கேறிய தசையும் தளராத முயற்சியும் உண்டு. 1959-இல் நிறுவப்பட்ட அச்சிலையை வடித்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. வங்கத்திலே பிறந்தவர், 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைமை தாங்கியவர். 1850-இல் தோன்றிய அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் அவரே.

அவர் ஓவியம் கற்றது அவனீந்திரநாத் தாகூரிடம். மேனாட்டுப் பாணியை விடுத்துக் கீழ்நாட்டு மரபை மீட்கவேண்டும் என்றவர் தாகூர். மாணவரோ, மேனாட்டுச் சிற்ப முறையையும் பயின்று, உள்ளதை உள்ளவாறு வடிக்கும் வழியிலே நடந்தார். குருத்துரோகமா இது? அல்ல! கற்றதன் பயன் இது.

அவரிடம் பயின்றவர் கே.சி.எஸ். பணிக்கர். தந்தித் துறையிலே வேலை பார்த்தவர், 1936-இல் அப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே ஆசிரியரானார். 1957-இல் ஆசானுக்குப்பின் தலைமையும் ஏற்றார். ஆசானை அச்செடுத்தாரா? இல்லை! 1960-களில் அவர் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையிலே எழுத்தும் கணக்கும் கட்டங்களும் ஓவியமாயின. ஆசான் சென்ற திசை ஒன்று. மாணவர் சென்ற திசை வேறு. 1966-இல், அதே பணிக்கர் தம் மாணவர்களையும் தோழர்களையும் கூட்டிச் சோழமண்டல ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். கைவினைப் பொருள் செய்து விற்று வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டு, ஓவியத்தை உரிமையோடு தீட்டினார்கள் அவர்கள்.

மூன்று தலைமுறை! ஒருவர்கூட மாணவனின் விரலைக் கேட்கவில்லை. விரலுக்கு வலிமை தந்தார்கள். விழிக்குக் கூர்மை தந்தார்கள். பிறகு வழிவிட்டு நின்றார்கள்.

அத்தகைய ஆசான்களை நினைவுகூரும் நாம், நம் பள்ளிகளிலே என்ன செய்கிறோம்? 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, கணினி முதலிய பாடங்களுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். வாரத்திலே மூன்று அரைநாள் வேலை. மாதம் 5,000 ரூபாய் ஊதியம்! தூரிகை ஏந்தும் கைக்கு நாம் கட்டிய விலை அது. நான் பணிபுரியும் பள்ளியிலே, தேர்வு நெருங்கியதும் முதலில் பறிபோவது ஓவிய வகுப்புத்தான். "படம் வரைந்து என்ன பயன்? கணக்குப் போடட்டும்" என்கிறார்கள்.

என்ன பயனா? பார்க்கக் கற்றவன் ஏமாறமாட்டான். ஒரு குடத்தை வரைய முனையும் சிறுவன், பிறர் சொன்னதை விட்டுத் தன் கண்ணையே நம்பவேண்டியிருக்கிறது. நிழல் எங்கே விழுகிறது, விளிம்பு எங்கே வளைகிறது என்று அவனே ஆராய்கிறான். பகுத்தறிவுக்கு இதைவிட நல்ல அரிச்சுவடி உண்டோ? பணமுள்ளவன் பிள்ளை வீட்டுக்கே ஆசிரியரை வரவழைத்துப் பயில்வான். கூலிக்காரன் மகனுக்குப் பள்ளியின் அந்த ஒரு மணி நேரத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது? அதையும் பறிப்பது, துரோணர் வேலையன்றி வேறென்ன?

ஆசிரியர் நாளிலே மாலையும் மேடையும் போதும் என்று இருந்துவிடாதீர்கள், இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பள்ளியின் கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஓவிய வகுப்பு ஏட்டிலே மட்டும் இருந்தால், ஏன் என்று கேளுங்கள். பெற்றோரைத் திரட்டிக் கேளுங்கள். நல்ல ஆசானுக்கு நாம் செலுத்தத்தக்க காணிக்கை அந்தக் கேள்விதான்!