காலை எடுத்தால் கார் நிற்கும். ஆனால் அது பிரேக் ஆகுமா?

மின்சார காரை முதன்முறை ஓட்டிப் பார்ப்பவர்கள் பிக்-அப்பைப் பாராட்டுவார்கள், சத்தமே இல்லை என்று வியப்பார்கள். கூடவே ஒரு புகாரும் வரும்: "ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டி தானா பிடிக்குது. யாரோ பின்னாடி இருந்து இழுக்குற மாதிரி இருக்கு."

அதே ஆள் இரண்டு வாரம் கழித்து, "பிரேக்கைத் தொடவே வேண்டியதில்லை, செம சுகமா இருக்கு" என்பார். பழகுவதற்கு முன்பு எரிச்சல், பழகிய பிறகு பிரியம். ஒன் பெடல் டிரைவிங்கைப் பற்றி உலகம் முழுக்க ஓட்டுநர்கள் சொல்வதன் சுருக்கம் இதுதான். ஆனால், இந்தப் பழக்கம் நம் சாலைகளில் என்ன செய்யும் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது.

ரீஜென் என்றால் என்ன?

பெட்ரோல், டீசல் காரில் பிரேக் மிதித்தால் பேடும் டிஸ்க்கும் உரசி வேகம் குறைகிறது. வண்டி ஓடிய சக்தி முழுவதும் சூடாகி வீணாகிறது. மின்சார காரின் மோட்டாரைத் தலைகீழாகவும் வேலை வாங்கலாம். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டார் டைனமோ போல மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்புகிறது. அந்த வேலைக்கான சுமைதான் வண்டியைப் பிடித்து இழுக்கிறது. இதுதான் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங், சுருக்கமாக ரீஜென்.

இது புதுசும் இல்லை. மும்பை - புனே மலைப்பாதையில் 1920களின் இறுதியில் ஓடத் தொடங்கிய மின்சார சரக்கு இன்ஜின்களிலேயே இந்த வசதி இருந்தது. டெல்லி மெட்ரோவின் ரீஜென் பிரேக் திட்டம், கார்பன் குறைப்புத் திட்டமாக ஐ.நா. அமைப்பில் 2007-ல் பதிவானது. சென்னை மெட்ரோ ரயில்களும் பிரேக் போடும்போது மின்சாரத்தைத் திருப்பித் தருகின்றன.

இந்த ரீஜென் அளவைக் கூட்டி, ஆக்சிலரேட்டரை விட்டாலே கார் முழுவதுமாக நின்றுவிடும்படி அமைப்பதுதான் ஒன் பெடல் டிரைவிங். நிசான் லீஃப் 2017-ல் 'இ-பெடல்' என்ற பெயரில் இதைப் பரவலாக்கியது. இந்தியாவில் டாடா நெக்ஸான் இவி மேக்ஸ் 2022-ல் ரீஜென் அளவை மாற்றும் வசதியுடன் வந்தது. ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக், மஹிந்திரா பிஇ 6 போன்ற கார்களில் ஒன் பெடல் வசதி இருக்கிறது. ஸ்கூட்டரும் விலக்கல்ல. 2024-ல் வந்த ஏத்தர் 450 அபெக்ஸில் ஆக்சிலரேட்டரைப் பின்பக்கமாகத் திருகினால் வண்டி வேகம் குறையும்.

எவ்வளவு மிச்சம்?

சுமார் 1,600 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் 0.06 யூனிட் மட்டுமே. அதாவது, 16 முறை நின்று கிளம்பினால்தான் ஒரு யூனிட் கணக்கு வரும். அதிலும் ஒரு பகுதி மாற்றத்தில் இழப்பாகிவிடும். சிக்னல், ஸ்பீடு பிரேக்கர், பஸ் ஸ்டாண்ட் நெரிசல் என்று ஊருக்குள் ஓடும்போது இது சேர்ந்து பயன் தரும். நாலு வழிச்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

மலை இறக்கம் வேறு கதை. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள கார் இறங்கினால் புவியீர்ப்பு தரும் ஆற்றல் கிட்டத்தட்ட 9 யூனிட். காற்று, டயர் உராய்வு போக அதில் ஒரு நல்ல பங்கு பேட்டரிக்குத் திரும்பும். அதைவிட முக்கியமாக, பிரேக் பேட் சூடேறிப் பிடிமானம் இழக்கும் ஆபத்து குறைகிறது. "ஏறின கியர்லயே இறங்கணும்" என்று பழைய டிரைவர்கள் சொல்லும் பாடத்தை, கியரே இல்லாத மின்சார காரில் ரீஜென் செய்துகொடுக்கிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்கும் ஆபத்தான பழக்கத்துக்கு நேர் எதிரான தொழில்நுட்பம் இது.

ஓட்டுபவர்கள் ஏன் இரண்டாகப் பிரிகிறார்கள்?

பிடித்தவர்கள் சொல்லும் காரணம் எளிது: நெரிசலில் கால் மாற்றி மாற்றி வலிக்காது, பிரேக் பேட் தேயாது, வண்டி கட்டுப்பாட்டில் இருக்கிற உணர்வு கிடைக்கும். 2009-ல் தொடங்கி பிஎம்டபிள்யூ நிறுவனம் மினி இ கார்களை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொதுமக்களிடம் கொடுத்துச் சோதித்தபோதும், பலமான ரீஜென்னுக்கு மக்கள் விரைவாகவே பழகிக்கொண்டார்கள்.

பிடிக்காதவர்கள் பெரும்பாலும் பின்சீட்டில் இருப்பவர்கள். ஓட்டுபவர் காலைச் சட்டென எடுத்தால் தலை முன்னே போய்ப் பின்னே வரும். நாலு தடவை இப்படி ஆனால் குழந்தைக்கு வாந்தி, பாட்டிக்குத் தலைசுற்றல். இதில் கோளாறு காரில் இல்லை. ஆக்சிலரேட்டரை சுவிட்ச் போல ஆன், ஆஃப் செய்யாமல் மெதுவாக விடப் பழகினால் குலுக்கல் பெரும்பாலும் போய்விடும்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு: ஒன் பெடல் இல்லாவிட்டால் ரீஜென்னும் இல்லை என்பது. பல கார்களில் பிரேக் பெடலை மிதிக்கும்போதே முதலில் மோட்டார்தான் வேகத்தைக் குறைக்கும், தேவைப்பட்டால் மட்டும் டிஸ்க் சேரும். போர்ஷே டைகான் இயல்பு நிலையில் காலை எடுத்தால் மிதந்துதான் போகும். ஆனாலும் பிரேக்கை மிதிக்கும்போது பெருமளவு ஆற்றலைத் திரும்பப் பெறுகிறது. டெஸ்லாவில் அப்படி இல்லை, அங்கே பிரேக் பெடல் டிஸ்க்குக்கு மட்டும்தான். ஆகவே, எந்த காரில் எந்த ஏற்பாடு என்று வாங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கடையநல்லூர் கணக்கு

கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் கடையநல்லூர். வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்கள் நிறைய உள்ள ஊர். லீவு முடிந்தால் தென்காசி, செங்கோட்டை, புளியரை எஸ் வளைவு, தென்மலை வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு கார் பிடிப்பது வழக்கம். சொந்த கார் இருந்தாலும் ஓட்டுவது பல நேரம் ஆக்டிங் டிரைவர்தான். அவர் நேற்று ஓட்டியது டீசல் இன்னோவாவாக இருக்கலாம், இன்று கையில் கிடைப்பது மின்சார கார்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. டீசல் வண்டியில் காலை எடுப்பது என்றால் 'கொஞ்சம் மிதந்து போகட்டும்' என்று அர்த்தம். பலமான ரீஜென் வைத்த மின்சார காரில் அதே செயலுக்கு 'பிரேக் போடு' என்று அர்த்தம். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் லாரிக்கும், இரண்டு பேர் உட்கார்ந்து வரும் பைக்குக்கும் இது தெரியாது.

எதிர்த்திசையிலும் இதே ஆபத்து உண்டு. சென்னையில் ஆறு மாதம் ஒன் பெடலில் ஓட்டிப் பழகிய பிள்ளை, ஊருக்கு வந்து அப்பாவின் பழைய டீசல் காரை எடுக்கிறார். குறுக்கே ஆடு வருகிறது. கால் பழக்கத்தில் ஆக்சிலரேட்டரை மட்டும் விடுகிறது. வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. பிரேக் ஞாபகம் வருவதற்குள் போன அரை நொடி, அவசரத்தில் பெரிய தூரம்.

மின்சார காரிலேயே கூட, காலை எடுப்பது முழு பிரேக் அல்ல. பலமான ரீஜென் தரும் வேகக் குறைப்பு நொடிக்கு நொடி சுமார் 2 மீட்டர் அளவு என்று வைத்துக்கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் நிற்க ஏறத்தாழ 70 மீட்டர் வேண்டும். காய்ந்த சாலையில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் 17, 18 மீட்டரில் நின்றுவிடும். இடையில் இருக்கும் 50 மீட்டரில்தான் ஆட்டுக்குட்டியும் பள்ளிப் பிள்ளையும் சைக்கிளும் இருக்கின்றன.

சீனா கற்ற பாடம்

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2023 மே மாதம் சீனாவில் 11 லட்சத்துக்கும் அதிகமான டெஸ்லா கார்கள் ரீகால் செய்யப்பட்டன. ரீஜென் அளவைத் தேர்ந்தெடுக்க ஓட்டுநருக்கு வழி தரவில்லை, ஆக்சிலரேட்டரை நீண்ட நேரம் ஆழமாக மிதித்தால் போதிய எச்சரிக்கை வரவில்லை என்பவை அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு சொன்ன காரணங்கள். தவறுதலாக ஆக்சிலரேட்டரை மிதிக்கும் வாய்ப்பு இதனால் கூடலாம் என்பது அதன் கவலை. சாஃப்ட்வேர் அப்டேட் மூலம் சரிசெய்யப்பட்டது. பின்னர் 2025-ல் சீனா தன் பிரேக் தர விதிகளையும் திருத்தியது. கார் கிளம்பும்போது உள்ள இயல்பு நிலையில், காலை எடுத்தால் மட்டுமே கார் முழுவதும் நின்றுவிடக் கூடாது என்பது அதன் சாரம். ஒன் பெடல் வேண்டுபவர், தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

பிரேக் லைட்டும் இதே வகைக் கேள்விதான். காலை எடுத்ததும் வண்டி வேகம் குறைகிறதே, பின்னால் சிவப்பு விளக்கு எரியுமா? ஐ.நா. வாகன விதிப்படி, ரீஜென்னால் ஏற்படும் வேகக் குறைப்பு நொடிக்கு நொடி 1.3 மீட்டரைத் தாண்டினால் எரிந்தே ஆக வேண்டும், 0.7 மீட்டர் வரை எரியக் கூடாது. 2023-ல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ், ஹூண்டாய் - கியா குழுமத்தின் சில மின்சார கார்களைச் சுட்டிக்காட்டியது. ஒன் பெடல் முறையில் பெடலில் இருந்து காலை முழுதாக எடுக்காதவரை, கார் நிற்கும் அளவுக்கு வேகம் குறைந்தும் பிரேக் லைட் எரியவில்லை என்பது புகார்.

என்ன செய்ய வேண்டும்?

முதல் பொறுப்பு கார் நிறுவனங்களுக்கு. கார் ஸ்டார்ட் ஆகும்போது மிதமான ரீஜென் இருக்கட்டும். ஒன் பெடல் தேவைப்படுபவர் தானே போட்டுக்கொள்ளட்டும். எந்த நிலையில் இருக்கிறது என்பது ஓட்டுநர் கண்ணில் படும்படி டிஸ்பிளேயில் பெரிதாகத் தெரிய வேண்டும். டெலிவரி நாளில் மாலை போட்டு போட்டோ எடுப்பதோடு, பிரேக் பற்றி அரை மணி நேரம் சொல்லிக்கொடுப்பதும் ஷோரூமின் வேலையாக வேண்டும்.

அடுத்தது அரசு. கிளட்ச், கியர் உள்ள காரில் கற்று வாங்கிய அதே எல்.எம்.வி. லைசென்ஸ் மின்சார காருக்கும் போதும். புதிய லைசென்ஸ் வேண்டியதில்லை, ஆனால் டிரைவிங் ஸ்கூல் பாடத்தில் ரீஜென் ஒரு பாடமாக வர வேண்டும். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டுவிட்டது. மின்சார கார் தென் மாவட்டங்களிலேயே தயாராகிறது. அதை ஓட்டும் பாடமும் இங்கே தயாராக வேண்டும்.

மூன்றாவது, ஓட்டுபவர்கள் செய்ய வேண்டியவை:

- பழகும் வரை குறைந்த ரீஜென் அளவில் ஓட்டலாம். காலியான சாலையில் ஒவ்வொரு அளவிலும் நிறுத்திப் பார்த்துவிட்டு நெரிசலுக்குள் போகலாம்.
- வேறொருவருக்கு, குறிப்பாக ஆக்டிங் டிரைவருக்குச் சாவி கொடுக்கும்போது ரீஜென்னைக் குறைத்துவைத்து, ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.
- மலை உச்சியில் 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்கக் கூடாது. பேட்டரி நிறைந்திருந்தால் பல கார்களில் ரீஜென் குறைந்துவிடும் அல்லது வேலை செய்யாது. கொஞ்சம் இடம் விட்டு சார்ஜ் போடுவது நல்லது.
- பிரேக்கை அவ்வப்போது வேண்டுமென்றே பயன்படுத்த வேண்டும். தொடாமலே விட்டால் டிஸ்க்கில் துரு பிடிக்கும். குற்றாலச் சாரல் அடிக்கும் பகுதிகளில் இது கூடுதல் கவனம் வேண்டிய விஷயம்.
- பிரேக் லைட் எப்போது எரிகிறது என்பதை இரவில் பின்னால் ஒருவரை வரச்சொல்லி ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

ரீஜென் நல்ல தொழில்நுட்பம். மின்சாரம் மிச்சம், மலையில் பாதுகாப்பு, பிரேக் பேடுக்கு நீண்ட ஆயுள் எல்லாம் உண்மை. அதை வேண்டாம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. காலை எடுப்பது வேகம் குறைக்கும் வழி, பிரேக் பெடல் உயிர் காக்கும் வழி. இந்த வித்தியாசம் ஓட்டுபவரின் காலுக்கு மறந்துபோகாதபடி பார்த்துக்கொள்வது நிறுவனம், அரசு, ஓட்டுநர் என மூன்று தரப்புக்கும் கடமை.