அட்டை தொலைந்தால் பள்ளிக்கூடமும் தொலைய வேண்டுமா?

ஓடி வந்தபோது விதைநெல்லைக்கூடத் தூக்க முடியாமல் வந்தவர்கள் நீங்கள். பிள்ளையின் தடுப்பூசி அட்டை எங்கே என்று பாடசாலையில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "அதைக் கொண்டு வாருங்கள், பிறகு பார்ப்போம்" என்று அதிபர் ஒருவர் ஒரு தாயைத் திருப்பி அனுப்பியதை அருகில் நின்று பார்த்தவன் நான்.

அட்டை கேட்பது பிழையல்ல. சின்னமுத்து பொல்லாத தொற்று. ஊசி போடாதவர் நோயாளிக்கு அருகில் இருந்தால், பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடித்துவிடும். கலிபோர்னியாவில் 2014 இறுதியில் டிஸ்னிலாந்திலிருந்து அது பரவியபின், 2015இல் சட்டத்தை இறுக்கினார்கள். பெற்றோரின் சொந்தக் கொள்கைக்காக இனி விலக்கில்லை. வைத்தியக் காரணத்துக்கு உண்டு. ஆனால் அதே அமெரிக்காவின் மத்திய சட்டம், வீடிழந்த பிள்ளையை ஊசிப் பதிவு இல்லாவிட்டாலும் உடனே சேர்க்கச் சொல்கிறது. பதிவைத் தேடுவதும் ஊசிக்கு வழிசெய்வதும் சேர்த்த பிறகுதான்.

ஊசியை மறுத்தவரும் அட்டையைத் தொலைத்தவரும் ஒன்றா? போலியோ மருந்துக்காக 1995இல் துப்பாக்கிகளே ஓய்ந்த நாட்களில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன சனங்கள் அல்லவா இவர்கள்!

தாய்மாரே, குடும்பநல மாதுவிடம் போங்கள். பழைய இடத்துப் பதிவேட்டில் விபரம் இருக்கக்கூடும். இடது தோளிலுள்ள பிசிஜி தழும்பைக் காட்டுங்கள். சின்னமுத்து ஊசி போட்டதா என்று தெரியாவிட்டால் மீண்டும் போடலாம், கெடுதியில்லை. அதிபர்மாரே, பிள்ளையை முதலில் வாங்கில் இருத்துங்கள். புது அட்டை வரும்வரை அது வாசலில் நிற்க வேண்டாம்.